பாற்கட்டியும் உள்ளியும் சேர்ந்த சலாதுச் சாறு

மாரிகாலத்து இரவு இன்னும் கழியவில்லை. ஏழை உழவன் ஒருவன் துயில் நீங்கி எழுகின்றான். இருளிலே தடவித் தடவி அடுப்பங்கரையை அடைந்து, சாம்பலுட் கிடந்த நெருப்பை ஊதி விளக்கேற்றுகின்றான். திரிகையிலே தானியத்தை அரைத்து, மாவை அரித்தெடுத்து, அப்பம் சுடுகின்றான். அப்பத்தோடு சேர்த்து உண்பதற்கு அவன் வீட்டில் இறைச்சி இல்லை. கயிற்றிற் கோத்துத் தூக்கிய பாற்கட்டி ஒன்றும் பழைய சதகுப்பைக் கட்டொன்றுமே அங்கு தொங்குகின்றன. அவன் தோட்டத்துக்குட் சென்று மண்ணைக் கிளறி நான்கு உள்ளிப் பூண்டுகளையும், கொத்தமல்லி முதலிய சில இலைகளையும் கொண்டு வருகின்றான். உள்ளியை உரித்துக் கல்லுரலில் இட்டு, உப்பும் பாற்கட்டியும் இலைகளும் சேர்த்து இடிக்கின்றான். காரம் மூக்கில் ஏறுகின்றது, கண்ணீர் வழிகின்றது. புறங்கையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகைதான் காரணமென்று எண்ணியவன்போல அதனை ஏசுகின்றான். பின்னர்ச் சில துளி ஒலிவ எண்ணெயும் சிறிதளவு வினாகிரியும் விட்டுப் பிசைந்து, விரல்களால் வழித்து உருண்டையாகத் திரட்டுகின்றான். அன்றைய உணவு ஆயத்தமாகிவிட்டது. அவன் ஏர் பூட்டி உழப் புறப்படுகின்றான்.

இஃது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இலத்தீன் மொழியில் எழுந்த 'மொரேத்தும்' என்னும் சிறு செய்யுள் காட்டும் காட்சி. அவ்வுழவனின் பெயர் சிமிலுஸ். பெருங்கவி வேர்ஜிலின் பெயரோடு இச்செய்யுள் நெடுங்காலம் வழங்கிவந்ததெனினும், அவரே அதனை இயற்றினார் என்பதை இக்கால அறிஞர் பெரும்பாலும் ஏற்பதில்லை. யார் இயற்றினாராயினும், உள்ளி, பாற்கட்டி, உப்பு, எண்ணெய், வினாகிரி என்னும் ஐந்தும் ஓர் ஏழையின் உரலிலே ஒன்றான வரலாறு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது. இன்று பெரிய கடைகளிலே அழகிய போத்தலில் அடைத்து, உயர்ந்த விலைக்கு விற்கப்படும் சலாதுச் சாற்றின் பிறப்பிடம் இத்தகைய குடிசை அடுப்பங்கரையே.

சிமிலுஸ் இடித்தது அப்பத்தோடு உண்ணும் துவையல். அதே பொருள்களில் எண்ணெயையும் வினாகிரியையும் மிகுத்தால் அது பச்சை இலைகளின்மேலும் காய்களின்மேலும் ஊற்றத்தக்க சாறாகின்றது. பிரெஞ்சு மக்கள் இவ்வகைச் சாற்றை 'வினெகிரெட்' என்பர். 'வின்' என்றால் திராட்சை மது. 'ஏகிர்' என்றால் புளித்தது. புளித்த மது என்று பொருள்படும் 'வினேகிர்' என்னும் சொல்லே வினாகிரிக்கு அம்மொழியில் உள்ள பெயர். அதிலிருந்து பிறந்த சொல் வினெகிரெட். மத்தியதரைக் கடலை அடுத்த நாடுகளிலே ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் அடுத்தடுத்து வளர்கின்றன. ஒன்று எண்ணெயைத் தந்தது. மற்றது புளிப்பைத் தந்தது. நிலம் தந்தவற்றை நாக்கு சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டு இல்லங்களுக்கு இச்சாறு புதியதாயினும், அதன் அடிப்படை புதியதன்று. வல்லாரையை அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்து, தேசிப்புளி விட்டுப் பிசையும்போது நிகழ்வது யாது? தேங்காயின் கொழுப்பு இலையின் துவர்ப்பை அடக்குகின்றது. புளி அக்கொழுப்பின் திகட்டலை அறுக்கின்றது. உப்பு இரண்டையும் இணைக்கின்றது. ஐரோப்பியர் எண்ணெயாற் செய்யும் வேலையை நாம் தேங்காயாற் செய்கின்றோம். அவர் வினாகிரியாற் செய்வதை நாம் தேசிக்காயாற் செய்கின்றோம். ஆகவே, இச்சாற்றைச் செய்ய விரும்புவோர் அந்நிய வித்தையொன்றைக் கற்பதாக அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கின்றது என்பதை அறிந்துகொண்டாற் போதும். அதனை அறியாது செய்வதாற் சுவை கெடுவதுண்டு. ஒரு சிலவேளைகளில் உயிருக்கே கேடு விளைந்ததும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வினாகிரி. இனிப்புள்ள எந்தச் சாறும் இரண்டு படிகளிலே வினாகிரியாக மாறும். முதற்படியில் மதுவம் என்னும் நுண்ணுயிர் இனிப்பை மதுசாரமாக்கும். இரண்டாம் படியில் வேறொரு வகைப் பற்றீரியா, காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு அம்மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கும். இவ்விரண்டாம் மாற்றம் உயிரினம் ஒன்றன் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்ரர் 1864ஆம் ஆண்டிலே விளக்கினார். இலங்கையிற் சிறந்த வினாகிரி தென்னங்கள்ளிலிருந்து கிடைக்கின்றது. கள்ளைப் புளிக்கவிட்டு, காற்றுப் படும்படி வைத்துப் பல வாரங்கள் பொறுத்திருந்தால் அது தானாகவே வினாகிரியாகின்றது. அதில் அமிலம் மட்டுமன்றி, கள்ளின் வழிவந்த மெல்லிய மணமும் உண்டு.

கடையிலே செயற்கை வினாகிரி என்றொரு வகையும் உண்டு. அது தொழிற்சாலையில் ஆக்கிய அசற்றிக் அமிலத்தை நீரிற் கரைத்துச் செய்தது. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், விலையும் குறைவு, ஆனால் வெறும் புளிப்பன்றி வேறு குணம் அதற்கில்லை. சமைக்கும் கறியில் அது மறைந்துபோகலாம். பச்சையாக உண்ணும் சலாதிலோ அதன் வெறுமை நாவிற் படும். ஆதலால் போத்தலின் சீட்டை வாசித்து வாங்குதல் வேண்டும். செறிவான அசற்றிக் அமிலத்தை வாங்கி வீட்டிலே நீர் கலந்து கொள்ளலாம் என்று சிலர் எண்ணுவர். அஃது ஆபத்தான எண்ணம். அவ்வமிலம் தோலையும் உணவுக்குழாயையும் பொசுக்கும். அளவு சற்றுத் தவறினாலும் தீங்கு நேரும். அது சமையலறைக்கு வரவே கூடாத பொருள்.

அடுத்தது எண்ணெய். இச்சாற்றுக்கு உரிய எண்ணெய் ஒலிவ எண்ணெயே. அது விலை மிகுந்தது என்பது உண்மை. ஆனால் நான்கு பேருக்குரிய சலாதுக்கு ஆறு மேசைக்கரண்டி போதும். அது கிடையாதவிடத்து மணமற்ற சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோ பயன்படும். நல்லெண்ணெய் தனித்து நின்றால் அதன் மணம் பாற்கட்டியை மேவிவிடும். பிற எண்ணெயோடு ஒரு கரண்டி மட்டும் சேர்ப்பின் இனிய சுவை தரும். தேங்காயெண்ணெய் இதற்கு ஏற்றதன்று. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியாவின் குளிரிலோ, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இலைகளின்மேலோ ஊற்றினால் மெழுகுபோற் படியும்.

எண்ணெயும் வினாகிரியும் இயல்பாகச் சேரா. ஒரு போத்தலில் இரண்டையும் விட்டுக் குலுக்கினாற் சற்று நேரம் ஒன்றுபோலத் தோன்றும். வைத்துவிட்டால் எண்ணெய் மேலும் வினாகிரி கீழுமாகப் பிரியும். இவற்றைப் பிரியாது நிறுத்துவதே இச்சாற்றின் நுட்பம். அதற்கான உவமை நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. தேங்காய்ப்பால் என்பது வேறென்ன? நீரிலே எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நிற்கும் கலவையே அது. தேங்காயின் புரதம் அத்துளிகளைச் சூழ்ந்து நின்று, அவை ஒன்றோடொன்று கூடிவிடாது தடுக்கின்றது. நமது சாற்றிலே அவ்வேலையை அரைத்த கடுகு செய்கின்றது. கடுகுத் தோலில் உள்ள பசைப்பொருள் துளிகளைப் பற்றி நிறுத்தும். நசுக்கிய உள்ளியும் பாற்கட்டியின் புரதமும் அதற்குத் துணைநிற்கும். ஆகையால், கடுகு இங்கே காரத்துக்காக மட்டும் சேர்வதன்று. மலாய் அச்சாறு செய்யும் இல்லத்தார் கடுகை வினாகிரி விட்டு அரைப்பதை அறிவர். அதே கடுகுச் சாந்து இதற்கும் மிகப் பொருந்தும்.

மூன்றாவது உள்ளி. முழு உள்ளிப் பல்லுக்கு மணமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெட்டும்போதோ நசுக்கும்போதோதான் மணம் எழுகின்றது. உள்ளியின் கலங்களிலே அலியின் என்னும் பொருள் ஓரிடத்தும், அதனை மாற்றவல்ல நொதியம் வேறோரிடத்தும் இருக்கின்றன. கலங்கள் உடையும்போது இரண்டும் சந்திக்கின்றன; உடனே அலிசின் என்னும் காரப்பொருள் பிறக்கின்றது. இவ்வலிசினை 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கவலிற்றோ, பெயிலி என்னும் இருவர் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். இந்த நொதியம் கடும் புளிப்பிலே செயலிழந்துவிடும். இதிலிருந்து செயன்முறைக்கு உதவும் உண்மையொன்று கிடைக்கின்றது. உள்ளியின் முழுக் காரத்தை விரும்புவோர் அதனை உப்போடு நசுக்கிச் சில நிமிடம் வைத்திருந்து, பின்னரே வினாகிரியைச் சேர்த்தல் வேண்டும். மென்மையை விரும்புவோர், சிறுபிள்ளைகளுக்குப் பரிமாறுவோர், நசுக்கிய உடனேயே வினாகிரியில் இடலாம். ஒரே உள்ளி, ஒரே வினாகிரி, சேர்க்கும் நேரம் மட்டுமே வேறு, சுவையோ இரண்டு.

உள்ளிப் பல்லின் நடுவில் பச்சை முளை தோன்றியிருப்பின் அதனை நீக்குதல் நன்று, அது கசக்கும். வினாகிரியில் ஊறிய உள்ளி சிலவேளை நீலமாகவோ பச்சையாகவோ மாறக்கூடும். அதைக் கண்டு நஞ்சென்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளியிலுள்ள கந்தகச் சேர்வைகள் அமிலத்தோடு சேர்ந்து காட்டும் நிறமே அது.

நான்காவது பாற்கட்டி. இச்சாற்றுக்கு ஏற்றது உலர்ந்து இறுகிய, உப்புச் சுவையுடைய பாற்கட்டி. இத்தாலியின் வடபகுதியில் பார்மா, ரெஜியோ எமிலியா முதலிய மாவட்டங்களிற் செய்யப்படும் பார்மிஜானோ ரெஜியானோ இவ்வகையிற் தலைசிறந்தது. அதன் ஒரு வட்டு ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுடையது. அதற்கு 500 லீற்றருக்கும் மேற்பட்ட பால் செலவாகும். குறைந்தது 12 மாதங்களேனும் அது முதிர வேண்டும். அம்முதிர்ச்சியின்போது பாலின் புரதம் சிதைந்து குளுற்றாமிக் அமிலம் மிகுகின்றது. யப்பானிய விஞ்ஞானி கிக்குனே இக்கேடா 1908ஆம் ஆண்டிற் கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டிய சுவைப்பொருள் இதுவே. இனிப்பு, புளிப்பு, கைப்பு, உப்பு என்னும் சுவைகளுக்குள் அடங்காத ஒரு நிறைவை அது நாவுக்குத் தருகின்றது. சம்பலுக்கு மாசியை இடித்துப் போடுவோர் நாடுவதும் இத்தகைய நிறைவையே. பாற்கட்டியைச் சலாதுச் சாற்றிற் சேர்ப்பதன் காரணம் இப்போது விளங்கும். பச்சை இலைக்கு இல்லாத ஆழத்தை அது கொடுக்கின்றது.

அத்தகைய பாற்கட்டி எல்லா ஊரிலும் கிடையாது. கடினமான வேறெந்தப் பாற்கட்டியையும் துருவிக்கொள்ளலாம். உருக்கிப் பதப்படுத்தித் தகடாக விற்கப்படுவது மட்டும் இதற்கு உதவாது. அது உதிராமல் ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமே கிடையாவிடின் வீட்டிலேயே ஒரு புதுப் பாற்கட்டியைச் செய்துகொள்ளலாம். ஒரு லீற்றர் பசுப்பாலைக் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியைச் சிறிது சிறிதாக விட்டு மெல்லக் கிளற வேண்டும். பால் திரைந்து தெளிந்த நீர் பிரியும். தூய துணியில் வடித்து, அரைத் தேக்கரண்டி உப்பிட்டுப் பிசைந்து, துணியோடு முடிந்து, மேலே பாரம் வைத்து ஒரு மணி நேரம் விட்டால் உதிர்க்கத்தக்க வெண்கட்டி கிடைக்கும். முதிர்ந்த பாற்கட்டியின் ஆழ்ந்த சுவை இதற்கு வாராது. ஆனால் புதுப் பாலின் இனிமை உண்டு. இது ஈரம் மிகுந்தது, எளிதிற் பழுதாகும். செய்த அன்றே உண்பது முறை.

இனிச் செய்முறையைக் காண்போம். நான்கு பேருக்குரிய சலாதுக்கு வேண்டியவை இவை: உள்ளிப் பல் இரண்டு, உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, துருவிய பாற்கட்டி மூன்று மேசைக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு கால் தேக்கரண்டி. வினாகிரி ஒரு பங்காயின் எண்ணெய் மூன்று பங்கு என்பது பிரெஞ்சுச் சமையலின் பழைய கணக்கு. புளிப்பை விரும்பும் நம்மவர் இரண்டரைப் பங்கு எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளினும் குற்றமில்லை.

உள்ளியை உப்போடு சிறிய கல்லுரலில் இட்டுக் களியாகும்வரை நசுக்க வேண்டும். உப்பின் பரல்கள் உள்ளியை அரைப்பதற்கு உதவும். காரம் வேண்டுவோர் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம். பின்னர் அதனை ஒரு கிண்ணத்தில் வழித்து, வினாகிரியையும் கடுகையும் சேர்த்து உப்புக் கரையும்வரை கலக்க வேண்டும். உப்பு எண்ணெயிற் கரையாது. ஆதலால் எண்ணெய்க்கு முன்னரே அது வினாகிரியிற் கரைந்துவிட வேண்டும். இவ்வொழுங்கை மாற்றினால் சிலர் வாயில் உப்பில்லை. சிலர் வாயில் உப்புக்கல் என்றாகிவிடும்.

அடுத்து எண்ணெயை முதலிற் துளித்துளியாகவும், கலவை தடித்த பின் நூல்போலவும் விட்டுக்கொண்டு, முள்ளுக்கரண்டியால் விரைந்து அடிக்க வேண்டும். அவசரப்பட்டு முழுவதையும் ஒருசேர ஊற்றினால் எண்ணெய் தனித்து நிற்கும். அவ்வாறு பிரிந்துபோனாலும் பொருளை வீசிவிடத் தேவையில்லை. வேறொரு கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி கடுகை இட்டு, பிரிந்த கலவையைச் சிறிது சிறிதாக அதனுள் விட்டு அடித்தால் மீண்டும் கூடும். இறுதியிற் பாற்கட்டியையும் மிளகையும் சேர்க்க வேண்டும். பாற்கட்டியில் ஏற்கெனவே உப்பு உண்டென்பதை மறவாது, சுவை பார்த்த பின்னரே மேலும் உப்பிடுதல் வேண்டும். சுவை பார்க்கும்போது கரண்டியால் நக்கிப் பார்த்தால் புளிப்பு மிகுந்ததாகவே தோன்றும். சலாது இலை ஒன்றைத் தோய்த்து உண்டு பார்ப்பதே சரியான முறை.

சாறு எவ்வளவு நன்றாயினும், இலையிற் பிழை நேர்ந்தால் பயனில்லை. பச்சையாக உண்ணும் இலைகளிலே மண்ணும், நீர்வழி வரும் நோய்க்கிருமிகளும் ஒட்டியிருக்கக்கூடும். ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாகக் கழுவி, கொதித்தாறிய நீரில் இறுதியாக அலசுவது நம் நாட்டுக்கு ஏற்ற ஒழுங்கு. கழுவிய பின் தூய துணியில் ஒற்றி ஈரத்தை முற்றாக எடுக்க வேண்டும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. சாறு முழுவதும் பாத்திரத்தின் அடியிலே தேங்கும். பரிமாறும் வேளைக்கு முன் சாறு ஊற்றுவதும் தவறு. எண்ணெய் இலையின் மெழுகுப் படலத்தை ஊடுருவி அதனை வாடச் செய்யும்; உப்பு நீரை வெளியே இழுக்கும். அனைவரும் உணவுக்கு அமர்ந்த பின்னரே ஊற்றிப் புரட்டுதல் வேண்டும். தக்காளி, வெள்ளரிக்காய், அவித்த பீற்றூட், அவித்த போஞ்சி ஆகியனவும் இச்சாற்றுக்கு நன்றாகப் பொருந்தும். அவித்தவற்றுக்கு மட்டும், அவை இளஞ்சூடாக இருக்கும்போதே சாற்றை ஊற்றினால் உள்ளே ஊறும்.

இப்போது, முன்னர்க் குறிப்பிட்ட ஆபத்துக்கு வருவோம். இச்சாறு சுவையாக இருக்கக் கண்டவர், ஒரு மாதத்துக்கு வேண்டிய உள்ளியை நசுக்கி எண்ணெயில் இட்டு மூடி வைத்தால் வேலை எளிதாகுமே என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணமே உயிருக்கு உலையாகக்கூடியது.

1985ஆம் ஆண்டிற் கனடாவின் வான்கூவர் நகரிலே ஓர் உணவகத்தில் உண்டவர்களில் 36 பேர் கொடிய நோய்க்கு ஆளாயினர். பார்வை இரண்டாகத் தெரிந்தது; இமைகள் தாழ்ந்தன; விழுங்க இயலவில்லை; தசைகள் தளர்ந்தன. பலருக்கு முதலில் வேறு நோய் என்றே கருதப்பட்டது. ஆராய்ந்தபோது, போத்தலில் அடைத்த, எண்ணெயில் இட்ட நறுக்கிய உள்ளி அங்கு குளிரூட்டப்படாது வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த கிங்ஸ்ரன் நகரிலும் அத்தகைய உள்ளியெண்ணெயால் மூவர் நோயுற்றனர். அதன்பின், விற்பனைக்கு வரும் உள்ளியெண்ணெயில் அமிலம் சேர்க்கப்பட வேண்டும் என்று அந்நாட்டு அரசு வற்புறுத்தியது.

காரணம் யாதெனின், கிளொஸ்திரீடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணிலே வாழ்வன. மண்ணில் விளையும் உள்ளியிலும் அவை ஒட்டியிருக்கலாம். காற்றுள்ள இடத்தில் அவை உறங்கிக் கிடக்கும், தீங்கில்லை. எண்ணெய்க்குள் மூழ்கிய உள்ளிக்கோ காற்று எட்டுவதில்லை, புளிப்பும் இல்லை, ஈரம் மட்டும் உண்டு. அடுக்களையின் வெம்மையும் சேர்ந்தால் வித்திகள் விழித்தெழுந்து பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது என்பதே அதன் கொடுமை. ஐரோப்பியக் குளிர்நாட்டு வீட்டிலேயே அஞ்ச வேண்டிய இது, 30 பாகை செல்சியசை எட்டும் நமது அடுக்களைகளில் இன்னும் அதிகமாக அஞ்சத்தக்கது.

அப்படியாயின் நம் அச்சாற்றிலும் உள்ளி உண்டே, அது மாதக்கணக்கில் இருக்கின்றதே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்கு செய்த அச்சாற்றிலே உள்ளி வினாகிரிக்குள் மூழ்கியிருக்கின்றது. புளிப்பும் உப்பும் அதன் உள்ளே ஊறியிருக்கின்றன. போதிய புளிப்புள்ள இடத்தில் அப்பற்றீரியா வளர இயலாது. எண்ணெயில் மட்டும் கிடக்கும் உள்ளிக்கு அக்காவல் இல்லை. எண்ணெயும் வினாகிரியும் கலந்த சலாதுச் சாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் வினாகிரி உண்டு. ஆனால் மூன்று பங்கு எண்ணெயும், கெடக்கூடிய பாற்கட்டியும் உண்டு. ஆதலால் விதி எளியது: அன்றைக்கு வேண்டியதை அன்றே செய்தல். எஞ்சினால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுதல். அதற்கு மேற்பட்டதைத் தயங்காது கொட்டிவிடுதல். பெட்டியில் வைத்த ஒலிவ எண்ணெய் கலங்கி உறைவது பழுதன்று. வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்து அடித்தால் பழைய நிலைக்கு வரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லத்தில் எஞ்சியதை வைத்திருக்கவே கூடாது. முற்கூட்டியே ஆயத்தம் செய்ய விரும்புவோர் எண்ணெயையும் வினாகிரியையும் கடுகையும் மட்டும் கலந்து வைத்துக்கொண்டு, உள்ளியையும் பாற்கட்டியையும் உண்ணும் வேளையிற் சேர்க்கலாம். நசுக்குவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடந்தானே.

போத்தலில் வாங்கும் சாறு நெடுநாள் இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் உள்ளது. அதனைச் செய்வோர் அமிலத்தின் அளவைக் கருவிகொண்டு அளந்து, பழுதாகாமற் காக்கும் பொருள்களையும் பல சமயங்களிற் சேர்க்கின்றனர். எண்ணெயைக் குறைத்து நீரைக் கூட்டி, அந்நீர்மையை மறைக்கப் பசைப்பொருளும், சுவைக்குச் சீனியும் சேர்ப்பதும் உண்டு. அது குற்றமெனக் கூற வேண்டியதில்லை. நெடுநாள் இருப்பதற்குச் செலுத்தும் விலை அது. வீட்டிற் செய்வதன் சிறப்பு நெடுநாள் இருப்பதில் இல்லை. அந்த நேரத்துப் புதுமையில் இருக்கின்றது. போத்தலுக்குரிய குணத்தை வீட்டுச் சாற்றிடம் எதிர்பார்ப்பதே தவறுக்கெல்லாம் மூலம்.

மீண்டும் அந்தப் பழைய உழவனின் குடிசைக்குத் திரும்பிப் பார்ப்போம். சிமிலுஸ் பற்றீரியாவையோ நொதியத்தையோ அறியான். ஆயினும் அவன் செயலில் ஒரு பிழையும் இல்லை. உள்ளியை மண்ணிலிருந்து அப்போதே எடுத்தான், உப்போடு நசுக்கினான், எண்ணெயை அளந்து துளித்துளியாக விட்டான், வினாகிரியைச் சிறிதே சேர்த்தான், அந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்தான். நாளைக்கென்று அவன் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நாளைக்கு வேண்டிய உள்ளி தோட்டத்தில் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. வறுமை அவனுக்குக் கற்பித்த அவ்வொழுங்கையே இன்றைய விஞ்ஞானமும் நமக்குக் கூறுகின்றது. நல்ல வினாகிரி ஒரு போத்தல், நான்கைந்து உள்ளிப் பூண்டு, ஒரு துண்டு பாற்கட்டி, ஒரு சிறிய கல்லுரல் ஆகியவை உள்ள எந்த அடுக்களையிலும், வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் இச்சாறு பிறக்கும்.